உயரமான கல் கூடத்தில் பூ அலங்காரம்: தூண்களை மூடலாமா, விட்டுவிடலாமா?

கூடத்துப்பூனை எழுதியது:

வணக்கம். ஒரு நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவுக்குப் பூ அலங்காரப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இடம், பழைய கல் கட்டடம் ஒன்றின் நடுக்கூடம். நீளம் 32 மீட்டர், அகலம் 14. இரண்டு பக்கமும் தூண் வரிசை, தூணுக்குத் தூண் 4 மீட்டர். தூண்களுக்கு மேலே அரைவட்ட வளைவுகள். வளைவின் உச்சி தரையிலிருந்து 8 மீட்டர். கூரையின் நடுவில் கண்ணாடி போட்ட வட்டத் திறப்பு. தூண்களின் தலையில் இலை இலையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சுவர் முழுக்க வெளிர்மஞ்சள் சுண்ணாம்புப் பூச்சு. மாலை விழா, 500 பேர் வருவார்கள்.

விழாக் குழு சொன்னது ஒரே சொல்தான்: பிரமாண்டம். குழுவில் ஒருவர் எல்லாத் தூண்களையும் அடியிலிருந்து நுனி வரை வெள்ளைப் பூவால் சுற்றிவிடலாம் என்கிறார். எனக்கோ அந்த வட்டத் திறப்புக்குக் கீழே 3 மீட்டர் விட்டத்தில் ஒரு பூ வளையத்தைத் தொங்கவிட ஆசை. கட்டடத்துக்கு எது பொருந்தும்? இரண்டுமே வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சும்மாவந்தேன் எழுதியது:

வெள்ளைப் பூ, பச்சை இலை, நிறைய மெழுகுவர்த்தி. வேலை முடிந்தது.

கற்றளி எழுதியது:

மெழுகுவர்த்தியை அப்புறம் பார்க்கலாம். முதலில் தூண்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். "இலை இலையாகச் செதுக்கியிருக்கிறார்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. அவை கொரிந்தியப் பாணித் தூண்களாக இருக்க வேண்டும், அந்த இலை அகாந்தஸ் செடியின் இலை. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் இதற்கு ஒரு கதை சொல்கிறார். கொரிந்து நகரத்தில் இளவயதில் இறந்த ஒரு பெண்ணின் கல்லறை மேல் அவள் ஆசையாக வைத்திருந்த பொருட்களைக் கூடையில் போட்டு, மேலே ஓடு ஒன்றை மூடி வைத்தார்களாம். கூடைக்கு அடியில் இருந்த அகாந்தஸ் வேர் வசந்த காலத்தில் துளிர்த்து, கூடையைச் சுற்றி ஏறி, ஓட்டில் முட்டி வெளிப்பக்கமாகச் சுருண்டது. அந்தப் பக்கம் போன சிற்பி கல்லிமக்கஸ் அதைப் பார்த்துத்தான் இந்தத் தூண்தலையை வடித்தாராம். கதை நடந்ததோ இல்லையோ, உங்கள் தூண் ஏற்கெனவே தழைத்து நிற்கிறது. அதன் மேல் இன்னொரு பூப்போர்வை போர்த்தினால் கல்வேலையும் தெரியாது, பூவும் எடுபடாது.

அடுத்தது, தூண் பாரம் தாங்குகிற உறுப்பு. கூடத்துக்குள் நுழைந்ததும் நம் கண் நம்மைக் கேட்காமலே அந்தப் பாரம் இறங்கும் வழியில் போகும். வளைவு, வளைவு தொடங்கும் இடம், தூணின் தலை, உடல், அடிப்பீடம், தரை. முழுக்கச் சுற்றினால் அந்த வழி மறைந்துவிடும். கணக்காகவும் பாருங்கள். 60 செ.மீ. தடிமனுள்ள தூணில் பக்கத்துக்கு 15 செ.மீ. பூ ஏறினால் அது 90 செ.மீ. உருளை. உயரம் மட்டும் கூடவில்லை. பார்ப்பவருக்குத் தூண் குட்டையாகத் தெரியும், கூடமும் சேர்ந்து குறுகும். பிரமாண்டம் கேட்டவர்களுக்கு நேர் எதிரானதைக் கொடுப்பீர்கள்.

என் கட்சி இதுதான்: தாங்குகிற இடத்தை விட்டுவிடுங்கள். தாங்காத இடத்தில் பூ வையுங்கள். தூண்களுக்கு நடுவே உள்ள வெளி, தூணின் காலடி, வாசல், படிக்கட்டு திரும்பும் இடம். இவை போதும்.

மறுபக்கம் எழுதியது:

ஐயா, விருந்தினர் யாரும் பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்க வருவதில்லை.

பொருத்தம் என்றால் பணிந்து போவது மட்டும்தானா? ஸ்பெயினில் பில்பாவோ கூகன்ஹைம் அருங்காட்சியகத்தின் வாசலில் கலைஞர் ஜெஃப் கூன்ஸின் 'பப்பி' உட்கார்ந்திருக்கிறது. 12.4 மீட்டர் உயரத்தில் ஒரு நாய்க்குட்டி, உடம்பெல்லாம் பூச்செடி, ஏறக்குறைய 38,000 செடிகள். பின்னால் ஃபிராங்க் கெரி கட்டிய டைட்டானியம் போர்த்திய கட்டடம். இரண்டும் ஒன்றோடொன்று எதிலாவது ஒத்துப்போகிறதா? 1997 முதல் அங்கே இருக்கிறது. இன்று அந்த நாய்க்குட்டி இல்லாமல் அந்த வாசலை நினைக்க முடிகிறதா?

2018இல் வின்ட்சர் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் நடந்த அரச குடும்பத் திருமணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலிப்பா கிராடக் செய்த அலங்காரம். பீச், பிர்ச், ஹார்ன்பீம் கிளைகள், வெள்ளை ரோஜா, பியோனி, ஃபாக்ஸ்குளோவ். காட்டில் தானாக வளர்ந்தது போல ஒரு பக்கம் தழைந்து, இன்னொரு பக்கம் அடங்கி. கோட்டுக்குக் கோடு அளந்து கட்டிய கோதிக் (கூர்வளைவுகள் கொண்ட பழைய ஐரோப்பியப் பாணி) கட்டடத்தில் அந்த ஒழுங்கின்மைதான் கண்ணைப் பிடித்து நிறுத்தியது. பணிவு அல்ல.

கற்றளி எழுதியது:

நாய்க்குட்டியை நீங்கள் எடுத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அது கட்டடத்தைத் தொடவே இல்லையே! வெளியே, தன் காலில், தன்னுடைய உருக்குச் சட்டத்தின் மேல், உள்ளேயே நீர்க்குழாய் ஓட நிற்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை செடிகளை மாற்றுகிறார்கள். கட்டடத்தின் மேல் ஏறிக்கொள்ளாமல் எதிரே நின்று பேசுகிறது. அப்படி எதிர்த்து நிற்பதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

வின்ட்சரிலும் கிளையும் பூவும் சில இடங்களில்தான் குவிந்தன. மற்றபடி கல்லைக் கல்லாகவே விட்டார்கள். இதைவிடத் துணிச்சலான ஒன்று 2011இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில், இன்னொரு அரச குடும்பத் திருமணத்தில் நடந்தது. ஷேன் கானலி நடுவழியின் இரு பக்கமும் உயிருள்ள மரங்களைத் தொட்டியோடு நிறுத்தினார். ஆறு ஃபீல்டு மேப்பிள், இரண்டு ஹார்ன்பீம், ஒவ்வொன்றும் சுமார் 6 மீட்டர். அந்தக் கூரையின் உயரம் 31 மீட்டர். அவ்வளவு உயரத்துக்குப் பூவால் ஈடுகொடுக்க யாராலும் முடியாது. மனித உயரத்துக்கும் கூரைக்கும் நடுவில் கண் தங்க ஒரு படி வேண்டும், அதை மரங்கள் தந்தன. கோதிக் தூணும் மேலே போய்க் கிளை விரிக்கிற அமைப்புதான் என்பதால் இரண்டும் இயல்பாகச் சேர்ந்தன.

பூனை அவர்களே, உங்கள் கூடம் 8 மீட்டர்தான். அங்கே 3 முதல் 4 மீட்டர் உயரத்தில் அந்த நடுப்படி கிடைத்தால் போதும்.

மறுபக்கம் எழுதியது:

சரி, தொடாமல் எதிர்த்து நிற்கலாம் என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வரிசையிலும் ஒரே அளவில் ஒரே மாதிரி வைத்துக்கொண்டே போகாதீர்கள். தூண்களே ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகின்றன. பூவும் அதையே செய்தால் மூன்றாவது தூணில் கண் அசந்துவிடும். வாசலில் மெலிதாக ஆரம்பித்து, மேடை நெருங்க நெருங்க அடர்த்தியாகட்டும். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

கப்பிக்கயிறு எழுதியது:

அழகு பற்றி எனக்குத் தெரியாது. மேலே தொங்குவது கீழே விழாமல் பார்ப்பது என் தொழில். அந்த வளையத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

3 மீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு 9.4 மீட்டர். பூத்தண்டு குத்தி வைக்க, தண்ணீர் உறிஞ்சும் ஓயாசிஸ் ஃபோம் கட்டியின் வழக்கமான அளவு ஏறக்குறைய 23 × 11 × 8 செ.மீ. முழுக்க நனைந்தால் ஒரு கட்டி 2 கிலோ பிடிக்கும், ஏனென்றால் அதற்குள் இருப்பது கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீர்தான். வளையத்தைச் சுற்றி ஒரே வரிசை அடுக்கினாலும் 41 கட்டி. தண்ணீர் மட்டும் 80 கிலோவுக்கு மேல். இரும்புச் சட்டம், பூ, இலை, விளக்கு எல்லாம் இதற்கு மேல். 500 பேர் தலைக்கு மேல்.

அடுத்த கேள்வி, எதில் கட்டுவீர்கள்? கண்ணாடித் திறப்பின் சட்டம் கண்ணாடியைத் தாங்கச் செய்தது, உங்கள் வளையத்தை அல்ல. பக்கச் சுவரிலிருந்து இரண்டு கம்பி இழுத்து நடுவில் தொங்கவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தக் கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 பாகையில் இருந்தால், ஒவ்வொரு கம்பியிலும் விழும் இழுவை மொத்த எடைக்குச் சமம். பாதி எடை அல்ல, முழு எடை. இன்னும் தட்டையாக இழுத்தால் இன்னும் கூடும். 10 பாகையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த இழுவையைப் பழைய சுவர் பக்கவாட்டில் தாங்க வேண்டும்.

கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு கொக்கியையும் மாட்டாதீர்கள். விழாவுக்கு முந்தின நாள் சாரத்தின் மேல் ஏறி நின்று முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

கற்றளி எழுதியது:

கப்பிக்கயிறு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய வளைவுகளின் அடியில், தூணுக்குத் தூண் இரும்புக் கம்பி ஓடுகிறதா பாருங்கள். பார்த்தவுடன் பூ தொங்கவிடவே வைத்தது போலத் தோன்றும். அது வளைவு வெளிப்பக்கம் விரிந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கிற கம்பி. அதில் எதையும் மாட்டக் கூடாது.

கூடத்துப்பூனை எழுதியது:

கம்பி இருக்கிறது! ஒவ்வொரு வளைவிலும் இருக்கிறது. அதில் தோரணம் கட்டலாம் என்றுதான் குழுவில் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். தோரணத்தை வேறு எப்படிக் கட்டுவது?

கணக்குப்புலி எழுதியது:

தோரணம் என்றதும் வந்துவிட்டேன். இரண்டு முனையில் கட்டித் தொங்கவிட்ட சரம் தானாக எடுக்கிற வளைகோட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால், தன் எடையைத் தானே தாங்கும் வளைவின் வடிவம் கிடைக்கும். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675இல் இதைச் சொன்னார், அதுவும் எழுத்துகளைக் குலைத்துப் போட்ட புதிராக. பின்னாளில் ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கௌடி கயிறும் சிறு எடைப் பைகளும் தொங்கவிட்டு மாதிரி செய்து, அதைத் தலைகீழாகப் பார்த்துக் கட்டடம் வடிவமைத்தார். ஆக, கல் வளைவுக்குக் கீழே தொங்கும் பூச்சரம் அந்நியம் அல்ல, நெருங்கிய உறவு. சரத்தை இயல்பாகத் தொய்ய விட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

4 மீட்டர் இடைவெளியில் நடுவில் 1 மீட்டர் தொய்வு வேண்டும் என்றால் சரத்தின் நீளம் சுமார் 4.6 மீட்டர். சரம் மீட்டருக்கு 3 கிலோ என்று வைத்துக்கொண்டால், முனையில் கிடைமட்ட இழுவை 6 கிலோ அளவுதான். அதே சரத்தை விறைப்பாக இழுத்து 20 செ.மீ. மட்டும் தொய்ய விட்டால் 30 கிலோ. ஐந்து மடங்கு. பார்க்கவும் துணி காயப்போடும் கொடி மாதிரி இருக்கும்.

நடுவில் உள்ள தூண்களில் இரு பக்கமும் இழுப்பதால் இழுவை சமன்பட்டுவிடும். வரிசையின் கடைசித் தூணில் ஒரு பக்க இழுவை மட்டும் மிஞ்சும். அதை மறந்துவிடாதீர்கள்.

கற்றளி எழுதியது:

அருமை. ரோமில் ஆரா பாசிஸ் பலிபீடத்தின் உட்சுவரில் இந்தத் தொய்வைக் கல்லிலேயே பார்க்கலாம். கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்டது. எருதுத் தலையோடுகளுக்கு நடுவே பழமும் இலையும் கட்டிய கனமான மாலைகள் தொங்குவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். நடுவில் பருத்து, முனைகளில் மெலிந்து. அந்தப் பருமன் வித்தியாசம் முக்கியம். ஒரே தடிமனில் கட்டிய சரம் குழாய் மாதிரி இருக்கும்.

எங்கே கட்டுவது என்றால், ஆணி கூடாது, துளை கூடாது, சுண்ணாம்புப் பூச்சில் ஒட்டு நாடா கூடவே கூடாது, பிரிக்கும்போது பூச்சோடு வரும். தூண் தலைக்குக் கீழே, கழுத்தில், தடித்த ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) சுற்றி அதன் மேல் அகலமான பட்டை போடலாம். எடை இவ்வளவு குறைவு என்றால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும், கட்டடத்துப் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெறும் இரும்புக் கம்பி கல்லில் படவே கூடாது. ஈரத்தோடு ஒரு ராத்திரி இருந்தாலே துருக்கறை இறங்கிவிடும்.

அல்லது தூணுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கம்பம், அடியில் எடைத்தகடு. முன்னாலிருந்து தெரியாது.

வாடாமல்லி எழுதியது:

பூக்காரி வந்துவிட்டேன். எல்லாரும் சட்டம், கம்பி, கல் என்றே பேசுகிறீர்கள். பூ என்ன நிலைமையில் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் ஃபோம். அது 1950களில் வந்த ஃபீனால் பார்மால்டிஹைடு பிளாஸ்டிக். மக்காது. பொடிந்து தண்ணீரில் கலக்கும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. எடைக் கணக்கைக் கப்பிக்கயிறு அண்ணா சொல்லிவிட்டார். ஃபோம் இல்லாமலும் செய்யலாம். கோழிவலையைச் சுருட்டிச் சட்டத்தில் கட்டி, ஒவ்வொரு தண்டுக்கும் ரப்பர் மூடி போட்ட சிறு நீர்க்குழல் மாட்ட வேண்டும். ஒரு குழலுக்கு 10 மி.லி. என்றால் 600 தண்டுக்கு 6 லிட்டர், 6 கிலோ. எண்பதுக்குப் பதில் ஆறு. வேலை கூடுதல்தான், தண்டு தண்டாக மாட்ட வேண்டும். ஆனால் தலையில் சொட்டாது.

அப்புறம் எந்தப் பூ என்பது எந்த இடம் என்பதைப் பொறுத்தது. சூடான காற்று மேலே போகும். 8 மீட்டர் உயரக் கூடத்தில் மேலே தொங்கும் பூ கீழே இருப்பதைவிட வேகமாகத் தளரும், ஏசி காற்று நேராக அடித்தால் இன்னும் மோசம். அங்கே ஹைட்ரேஞ்சியா வைத்தால் பேச்சாளர் மேடை ஏறும்போது தலை தொங்கிவிடும். சாமந்தி, கார்னேஷன், ஆர்க்கிட், ஆந்தூரியம், ஸ்டாட்டிஸ் எல்லாம் தாங்கும். மென்மையான ரோஜா, பியோனி, ஹைட்ரேஞ்சியா கீழே, தண்ணீர்த் தொட்டியில் தண்டு நிற்கும் இடத்தில். ரோஜாவை மொட்டாக வாங்கி இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீரில் நிறுத்தினால்தான் அன்றைக்கு விரிந்திருக்கும். கார்னேஷன் பக்கத்தில் பழக்கூடை வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் அதைச் சுருக்கிவிடும்.

லில்லி வைத்தால் மகரந்தப்பையைக் கிள்ளிவிடுங்கள். அந்தப் பொடி எண்ணெய்ப் பசை உள்ளது, துணியிலும் கல்லிலும் பட்டால் கறை. பட்டுவிட்டால் தண்ணீர் போட்டுத் துடைக்காமல் ஒட்டு நாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும். (கற்றளி ஐயா, துணியில் மட்டும்தான். உங்கள் சுண்ணாம்புச் சுவரில் நாடா போட மாட்டேன்.)

நாற்கோணம் எழுதியது:

வாடாமல்லி சொன்ன மேலே, கீழே பிரிவை இன்னொரு காரணத்துக்காகவும் செய்ய வேண்டும். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் அளவு ஏறக்குறைய பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 10 மீட்டரில் அது 3 மி.மீ. 20 மீட்டரில் 6 மி.மீ. அதாவது மேடைக்கு மேலே வைத்த ரோஜாவின் இதழடுக்கு வாசலில் இருப்பவருக்கு வெறும் வெளிர்ப்புள்ளி. தூரத்தில் தெரிவது மூன்றுதான்: வெளிவிளிம்பு, வெளிர் அடர் வேறுபாடு, நிழல். ஆகவே தூரத்துக்குப் பெரிய கொத்துகளாக, கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி விட்டு, நிழல் விழும்படி செய்யுங்கள். நெருக்கி அடைத்தால் சுவரில் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். அபூர்வமான பூ, நுணுக்கம், மணம், இவற்றையெல்லாம் கை எட்டும் இடத்துக்கு வையுங்கள். வரவேற்பு மேசை, படிக்கட்டுக் கைப்பிடி, சாப்பாட்டு மேசை.

பிரஸ்ஸல்ஸ் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தில் விரிக்கும் பூக்கம்பளம் இதற்குப் பாடம். 1971இல் ஆரம்பித்தது, இப்போது ஒன்றுவிட்ட ஆண்டு நடக்கிறது, சுமார் 1,800 சதுர மீட்டர். பல ஆண்டுகள் பெரும்பாலும் பெகோனியாவால் போட்டார்கள். ஒவ்வொரு பூவையும் யாரும் பார்ப்பதில்லை. நகர மன்றத்தின் மேல்மாடத்திலிருந்து முழு வடிவமாகப் பார்க்கிறார்கள். எங்கிருந்து பார்ப்பார்கள் என்று முடிவு செய்துவிட்டு வடிவம் போட்டிருக்கிறார்கள். சுற்றியுள்ள கட்டடங்களில் ஒரு இதழும் ஏறவில்லை என்பதையும் கற்றளிக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பூனை, உங்கள் கூடத்தில் மேல்மாடம் இருக்கிறதா?

கூடத்துப்பூனை எழுதியது:

மேடைக்கு எதிரே ஒரு சிறு மேல்மாடம் இருக்கிறது, அன்று வாத்தியக்காரர்கள் அங்கே உட்காருவார்கள். விருந்தினர் எல்லாரும் தரையில்தான்.

ஒளியன் எழுதியது:

மாலை விழா என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. அதை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. பகலில் அந்தக் கண்ணாடித் திறப்பிலிருந்து வெளிச்சம் கொட்டும், பூனை அதைப் பார்த்துத்தான் வளையம் வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். இருட்டிய பிறகு அது கறுப்பு வட்டம். கீழே உள்ள விளக்கெல்லாம் அதில் பிரதிபலிக்கும். அதனால் அங்கே ஏதாவது வேண்டும் என்பது சரிதான், ஆனால் வெளிச்சம் மேலிருந்து வராது, கீழிருந்து நாம்தான் கொடுக்க வேண்டும். கீழிருந்து பார்ப்பவருக்கு வளையத்தின் அடிப்பக்கம்தான் தெரியும் என்பதால் பூவின் முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். பக்கவாட்டில் மட்டும் பூ குத்தி, அடியில் கம்பியும் வலையும் தெரிகிற வளையங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று.

நிறத்துக்கு வருகிறேன். பழைய கூடங்களில் போடும் 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் நீல அலைகள் குறைவு. நீலமும் ஊதாவும் அழுக்குச் சாம்பலாகிவிடும். வெள்ளை, இளமஞ்சள், பீச், பவழ நிறங்கள் உயிர் பெறும். அடர் சிவப்பு, மங்கலான வெளிச்சத்தில் கறுப்புப் பள்ளமாகத் தெரியும். சிவப்பு வேண்டும் என்றால் அதன் மேலேயே ஒரு விளக்கு விழ வேண்டும், அந்த எல்இடி சிவப்பைச் சரியாகக் காட்டும் வகையாகவும் இருக்க வேண்டும். விளக்குப் பெட்டியில் ஆர்9 மதிப்பு என்று போட்டிருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

சுவர் வெளிர்மஞ்சள் என்கிறீர்கள். அதன் முன்னால் வெள்ளைப் பூவை மட்டும் வைத்தால் பத்தடியில் கரைந்துவிடும். பின்னால் அடர்பச்சை இலை கட்டாயம்.

சும்மாவந்தேன் எழுதியது:

மெழுகுவர்த்தியை அப்புறம் பார்க்கலாம் என்றீர்களே?

கப்பிக்கயிறு எழுதியது:

பார்த்தாயிற்று. வேண்டாம். காய்ந்த பாசியும் பாம்பாஸ் புல்லும் உள்ள அலங்காரத்தின் பக்கத்தில் திறந்த சுடர் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அவசர வழிப் பலகை, தீயணைப்புத் தெளிப்பான், கதவு, எதையும் பூ மறைக்கக் கூடாது. வழியின் அகலத்தைப் பூத்தொட்டி தின்னக் கூடாது. தீயணைப்புக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கடைசி நேரத்தில் எடுக்கச் சொன்னால் அத்தனை வேலையும் போகும், முன்கூட்டியே வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.

மறுபக்கம் எழுதியது:

எல்லாரும் சேர்ந்து விழாவை ஆய்வுக்கூடமாக்கிவிட்டீர்கள் :) ஒரு யோசனை. டோக்கியோவில் இகெபானா என்ற ஜப்பானியப் பூ அலங்காரக் கலையைக் கற்பிக்கும் சோகெட்சு பள்ளியின் தலைமையகம் இருக்கிறது. கென்சோ டாங்கே கட்டியது, 1977. அதன் கீழ்த்தளத்தில் சிற்பி இசாமு நோகுச்சி படிப்படியாகக் கல் அடுக்கி ஒரு வெளியை அமைத்திருக்கிறார். பூ வைக்கவென்றே கட்டிய அந்த இடத்தில் கல்லுக்கும் நிறைய இடம் விட்டிருக்கிறார்கள். பூவுக்கு மிக வேண்டியவர்களே அப்படிச் செய்திருக்கும்போது, குழுவில் தூணைச் சுற்றச் சொல்பவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். நான் கட்சி மாறவில்லை. ஒரு இடத்தில் அத்துமீறுங்கள், மற்ற இடங்களைச் சும்மா விடுங்கள் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே என் கருத்து.

கற்றளி எழுதியது:

ஆரம்பத்திலிருந்தே அதுதானா? மேலே போய் ஒருமுறை படித்துப் பார்த்தேன். சரி, போகட்டும்.

கூடத்துப்பூனை எழுதியது:

குழுவோடும் பொறியாளரோடும் பேசிவிட்டு வந்தேன். இப்போதைக்கு முடிவானது இது.

தூண்களைச் சுற்றுவதில்லை. 60, 90 செ.மீ. கணக்கைக் காகிதத்தில் வரைந்து காட்டியதும், சுற்றச் சொன்னவரே விட்டுக்கொடுத்துவிட்டார். தூண்களுக்கு நடுவே சரம், 1 மீட்டர் தொய்வு, நடுவில் பருமன். கழுத்தில் ஃபெல்ட்டும் பட்டையும் போட எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம். வரிசையின் கடைசித் தூண்களில் மட்டும் பின்னால் கம்பம். வாசல் பக்கம் முதல் இரண்டு இடைவெளிகளில் சரமே இல்லை, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தி கூடும்.

வளையத்தைக் கூரையிலிருந்து தொங்கவிடப் பொறியாளர் ஒப்பவில்லை. அதற்குப் பதில் தரையில் நிற்கும் நான்கு கால் அலுமினிய ட்ரஸ் (குழாய்களைப் பின்னிக் கட்டிய சட்டம்), அதன் மேல் வளையம், நீர்க்குழல் முறையில். கால்களை மறைக்கத் தொட்டியில் 3 மீட்டர் உயர மரங்கள். அதுதான் கற்றளி ஐயா சொன்ன நடுப்படியாகவும் இருக்கும். மறுபக்கம் கேட்ட அத்துமீறலும் அங்கேதான், வளையத்தின் ஒரு பக்கத்திலிருந்து பூ வழிந்து மரக்கிளை வரை இறங்கும்.

நிறம் கிரீம், பீச், பவழம், பின்னால் அடர்பச்சை. ஒரு சந்தேகம்: பிரிப்பதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? மறுநாள் காலை 8 மணிக்குக் கூடத்தை ஒப்படைக்க வேண்டும்.

வாடாமல்லி எழுதியது:

ட்ரஸ் நல்ல முடிவு. கால்களுக்கு அடியில் ரப்பர் பாய் போடுங்கள். மரத்தொட்டிக்கு அடியிலும் கசிவுத் தட்டு, பளிங்குத் தரையில் தொட்டியின் வட்டக்கறை விழுந்தால் போகாது.

பிரிக்கும்போது முதலில் கீழே உள்ள தொட்டிகளை வெளியே கொண்டுபோய் வழியை விடுங்கள். அப்புறம் வளையம், கடைசியில் சரம். பூவை உயரத்திலேயே பிடுங்கிக் கீழே போடாதீர்கள், மிதிபட்ட இதழ் தரையில் சாயம் ஏற்றும். வளையத்தை முழுசாக இறக்கி, தரையில் விரித்த தார்ப்பாயில் வைத்துப் பிரியுங்கள். நீர்க்குழல்களை எண்ணி எடுத்து வையுங்கள், கழுவி மறுபடி பயன்படுத்தலாம். நல்ல பூக்களைக் கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்குத் தனியாக இரண்டு பேரை நிறுத்தினால் உங்கள் ஆட்கள் வேலையைப் பார்க்கலாம்.

கப்பிக்கயிறு எழுதியது:

நேரம் என்றால், ட்ரஸ்ஸும் வளையமும் ஏற்றப் பிடித்த நேரத்தில் பாதியைப் பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் கடைசி ஆள் வெளியேறும் வரை ஒரு நட்டையும் தளர்த்தக் கூடாது. சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்துவார்கள். ஏறுவதற்கு வைத்திருந்த அதே ஆட்களை இறக்கவும் நிறுத்துங்கள், ராத்திரி வேறு ஆட்களைப் பிடித்து வராதீர்கள். பொறியாளர் போட்ட வரைபடத்தின் ஒரு பிரதி ட்ரஸ் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கூடத்துப்பூனை எழுதியது:

குறித்துக்கொண்டேன். ஒரே ஆட்களைத்தான் பேசியிருக்கிறோம், இறக்குவதையும் சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறேன். அடுத்த வாரம் ஒரே ஒரு இடைவெளியில் மாதிரிச் சரம் கட்டி, இருட்டிய பிறகு விளக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம். படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

ஒளியன் எழுதியது:

படம் எடுக்கும்போது கைபேசியின் தானியங்கி நிறச் சமநிலையை அணைத்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் அது மஞ்சளைத் திருத்திவிடும், நாங்கள் எல்லாரும் இல்லாத நிறத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்போம்.